தோட்டத்து ஊரிலிருந்து கண் மருத்துவ நிபுணராக: மலேசிய இளம் மருத்துவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள எல்பில், ஹேவூட், டவன்பி போன்ற தோட்டங்களிலும் வளர்ந்து, மருத்துவம் படித்து, இப்போது ஹவுஸ்மேனாகவோ (பயிற்சி மருத்துவர்) எம்.ஓ.வாகவோ (மருத்துவ அதிகாரி) இருக்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "டாக்டர், கண் பிரிவுக்குப் போக ஆசை. கோலாலம்பூர்ல இடம் கிடைச்சாத்தானே முடியும்?"

முடியும், கோலாலம்பூரில் இடம் கிடைக்காவிட்டாலும். அறுவை சிகிச்சைப் பயிற்சிக்கு ஒரு கட்டத்தில் பெரிய மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்கு முந்தைய வேலைகளோ ஏராளம்: கண்ணைச் சரியாகப் பார்க்கப் பழகுவது, அடிப்படை அறிவியல் படிப்பது, முதல் தேர்வை எழுதி முடிப்பது, சின்னதாக ஓர் ஆய்வு செய்வது. இவை எல்லாவற்றையும் ஈப்போவுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருந்துகொண்டே செய்யலாம். சொல்லப்போனால் சில விஷயங்களை இங்கேதான் நன்றாகக் கற்றுக்கொள்ள முடியும். சின்ன ஊரில் வேலை செய்யும் வருடங்களைக் காத்திருக்கும் காலமாக நினைத்துக் கழித்துவிடாதீர்கள் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் எதை எப்போது செய்வது என்ற வரிசைதான்.

நம் ஊருக்கு ஏன் கண் மருத்துவர் வேண்டும்

2014-இல் நடந்த இரண்டாவது தேசியக் கண் ஆய்வின்படி, மலேசியாவில் 50 வயதைத் தாண்டியவர்களில் 1.2 விழுக்காட்டினருக்குப் பார்வை இல்லை. அதற்கு முதல் காரணம் சிகிச்சை செய்யப்படாத கண்புரை. நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பும் கண் அழுத்த நோயும் அதற்கு அடுத்த இடங்களில் வருகின்றன. கண்புரையை அரை மணி நேரத்துக்குள் எடுத்துவிட முடிகிற காலத்தில் அதுதான் முதல் காரணம் என்றால், குறை எங்கே என்று யோசியுங்கள். நோயாளி மருத்துவமனைக்கு வந்து சேர்வதில் இருக்கிறது.

அடுத்து இனிப்புநீர். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அதிகம். நம் வீடுகளில் அம்மாவுக்கு இருக்கிறது, மாமாவுக்கு இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் இருக்கிறது. கால் புண்ணுக்குப் பயப்படுகிற அளவுக்குக் கண்ணுக்குப் பயப்படுவதில்லை, ஏனென்றால் கண் வலிப்பதில்லை. பார்வை மங்கும்போதுதான் வருவார்கள். அதற்குள் விழித்திரையில் ரத்தக் கசிவு ஏற்பட்டிருக்கும்.

சரி, இனி படிப்படியாகப் பார்க்கலாம்.

பள்ளி, மருத்துவக் கல்லூரி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், இதற்கு வழிகாட்ட ஊரில் ஆள் இருக்கிறது. எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நன்றாக வர வேண்டும். அப்புறம் மெட்ரிகுலேஷன், எஸ்.டி.பி.எம்., அல்லது அடித்தளப் படிப்பு. பிறகு ஐந்து வருட மருத்துவப் படிப்பு. பெற்றோரிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: எந்த நாட்டில் எந்தக் கல்லூரியாக இருந்தாலும், பணம் கட்டும் முன் அது மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜெண்ட் சொன்னால் போதாது. நாட்டுக்குள்ளேயே அரசுப் பல்கலைக்கழகங்கள் தவிர, கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும், ஈப்போவில் யூனிகேஎல்லின் ராயல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. பி.டி.பி.டி.என். கடன், பொதுச் சேவைத் துறையின் உபகாரச் சம்பளம், எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் ஆகிய மூன்றுக்கும் தேதி தவறாமல் விண்ணப்பியுங்கள்.

மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுக்கு ஒதுக்கும் வாரங்கள் மிகக் குறைவு. அந்தச் சில வாரங்களுக்குள் கண்ணுக்குள் பார்க்கும் நேரடி ஆப்தால்மோஸ்கோப்பில் விழித்திரை நரம்பு வட்டைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும். விருப்பத் தேர்வுப் பயிற்சிக் காலம் கிடைத்தால் அதைக் கண் பிரிவிலேயே செய்யுங்கள்.

ஹவுஸ்மேன் காலம்

இரண்டு வருடம். பொது மருத்துவம், குழந்தை, அறுவை, மகப்பேறு, எலும்பு என்று பிரிவு பிரிவாகச் சுற்ற வேண்டும். கண் பிரிவு அதில் பெரும்பாலும் வராது. அதனால் கண் மேல் ஆசை இருப்பவர்கள் சோர்ந்துபோகிறார்கள். சோர வேண்டாம். பொது மருத்துவ வார்டில் இருக்கும் ஒவ்வொரு நீரிழிவு நோயாளிக்கும் கடைசியாக எப்போது கண் பார்த்தார்கள் என்று கேளுங்கள். குழந்தைப் பிரிவில் குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பார்க்க வரும் நிபுணருடன் நின்று பாருங்கள். அவசரப் பிரிவில் கண்ணில் ரசாயனம் பட்டு வருபவருக்கு முதலில் செய்ய வேண்டியது கழுவுவது. பெயர் எழுதுவது, பார்வை அளப்பது எல்லாம் அப்புறம். சலைன் ஓட விட்டு, இமையைப் புரட்டி உள்ளே இருக்கும் துகளை எடுத்து, அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். தாள் நடுநிலைக்கு வரும்வரை கழுவுங்கள். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2020-இல் பாராகுவாட் என்ற களைக்கொல்லி தடை செய்யப்பட்டுவிட்டது, ஆனால் மற்ற மருந்துகளும் கண்ணில் பட்டால் சும்மா விடாது. இந்த ஒரு வேலையை நேர்த்தியாகச் செய்யும் ஹவுஸ்மேன் ஒரு பார்வையைக் காப்பாற்றிவிடுவார்.

பயிற்சி முடிந்ததும் முழுப் பதிவு கிடைக்கும். 2016 டிசம்பரிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில்தான் சேர்க்கப்படுகிறார்கள். நிரந்தரப் பணி, நிபுணராவதற்கான மாஸ்டர் படிப்பின் உபகாரச் சம்பளம் எல்லாவற்றுக்கும் இது தொடர்புடையது. ஆகவே ஆண்டு மதிப்பீட்டு அறிக்கை, பணிச் சான்றிதழ்கள், பயிற்சிப் பதிவேடு ஆகிய எல்லாவற்றின் நகலையும் முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

கண் பிரிவில் எம்.ஓ.: இங்கேதான் எல்லாம்

மாவட்ட மருத்துவமனையில் இருந்துகொண்டு கண் பிரிவுக்கு மாற்றம் கேட்பவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். ஒன்று, ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை, தைப்பிங், தெலுக் இந்தான் என்று கண் நிபுணர்கள் இருக்கும் மருத்துவமனையின் துறைத் தலைவரிடம் நேரில் போய்ப் பேசுவது. காலி இடம் வரும்போது, முன்பே முகம் தெரிந்தவருக்குத்தான் நினைவு போகும். இன்னொன்று, இருக்கிற இடத்திலேயே கண் வேலையைத் தொடங்குவது. அரசு கிளினிக்குகளில் நீரிழிவு நோயாளிகளுக்கு விழித்திரைப் படம் எடுக்கும் கேமரா இருக்கும். படம் எடுக்கும் தாதியிடமோ எம்.ஏ.விடமோ (மருத்துவ உதவியாளர்) போய் உட்காருங்கள். 2011-இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட நீரிழிவு விழித்திரைப் பரிசோதனை வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் தரம் பிரித்துப் பாருங்கள். அந்த வழிகாட்டியும், 2017-இல் வந்த கண் அழுத்த நோய் வழிகாட்டியும் இலவசம்.

கண் பிரிவில் இடம் கிடைத்துவிட்டால், முதல் ஆறு மாதத்துக்கு ஒரே ஒழுங்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். பார்வை அளவு, துளை வழியே பார்வை, கண்மணியின் எதிர்வினை, கண் அசைவு, ஸ்லிட் லேம்ப் (கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்கு நுண்ணோக்கி), கண் அழுத்தம், அதற்கப்புறம்தான் கண்மணியை விரிக்கும் சொட்டு. இந்த வரிசை மாறவே கூடாது. கண்மணியை விரித்தபிறகு நரம்புக் கோளாறைக் காட்டும் எதிர்வினையைப் பார்க்க வழியே இல்லை. துளை வழியே பார்க்கும்போது பார்வை கூடினால், குறை பெரும்பாலும் கண்ணாடியால் சரியாகக் கூடியது. கூடவில்லை என்றால் உள்ளே தேட வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு எழுத்துப் பலகை வேண்டாம், நாலு பக்கமும் திரும்பும் முள்கரண்டி வடிவப் பலகையைக் காட்டி, "எந்தப் பக்கம் பாத்திருக்கு, கையால காட்டுங்க பாட்டி" என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் வெட்கமில்லாமல் காட்டுவார்கள்.

தோட்டத்து ஊரில் மட்டும் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. செம்பனைக் குலை வெட்டுபவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் வெட்டுகிறார். மட்டையின் முள், தூசி, காய்ந்த ஓலை எல்லாம் கண்ணில்தான் விழுகிறது. இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்த்து, யாரோ கொடுத்த சொட்டு மருந்தை விட்டுவிட்டு, அப்புறம்தான் வருவார். கருவிழியில் சாம்பல் நிறத்தில், விளிம்பு இறகுபோலப் பிரிந்த ஒரு புண் தெரியும். சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். செடி கொடி பட்ட கண் என்று தெரிந்ததும் பூஞ்சைத் தொற்றை நினைக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த சொட்டை அந்தக் கண்ணில் விடவே கூடாது. ஏற்கெனவே யாராவது விட்டிருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும்.

எந்தக் கிருமி என்று உறுதி செய்ய, மரத்துப்போகும் சொட்டை விட்டு, ஸ்லிட் லேம்பில் உட்கார வைத்து, ஊசி நுனியாலோ சிறு கத்தியாலோ புண்ணின் அடியிலும் விளிம்பிலும் சுரண்டி எடுக்க வேண்டும். முதலில் எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் மெல்லிய பூச்சாகப் பூசுங்கள், கிராம் சாயத்துக்கு ஒன்று, பொட்டாசியம் ஹைட்ராக்சைடுக்கு ஒன்று. அடுத்தடுத்து எடுத்ததை ரத்த அகார், சாக்லேட் அகார், சபூரோ அகார் தட்டுகளில் தேயுங்கள். அகார் மேற்பரப்பு கிழியாமல் ஆங்கில 'சி' வடிவில் வரிசையாகத் தேய்த்தால், பிறகு வளர்வது நாம் தேய்த்த இடத்தில் வளர்ந்ததா, காற்றிலிருந்து விழுந்ததா என்று தெரியும். ஆய்வகத்துக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, செடி பட்ட கண் என்று சொல்லுங்கள். இழைப்பூஞ்சைக்கு 5 விழுக்காடு நாட்டாமைசின் சொட்டுதான் முதல் மருந்து. 2013-இல் வெளிவந்த, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை மையமாகக் கொண்டு தென்னிந்தியாவில் நடந்த ஆய்வு, வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட நாட்டாமைசினே நல்ல பலன் தருவதாகக் காட்டியது. ஃப்யூசேரியம் வகைப் பூஞ்சையில் வித்தியாசம் இன்னும் தெளிவாக இருந்தது. தமிழ்நாட்டு வயல் வேலைக்காரர்களின் கண்ணிலிருந்து வந்த அறிவு இங்கே செம்பனைத் தோட்டத்தில் பயன்படுகிறது. இந்தத் தொடர்பை எண்ணி நான் மகிழ்வதுண்டு.

தாய்ப்பால் பீய்ச்சியது, நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டது போன்றவற்றையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை வரவும் மாட்டார்கள்.

இன்னொரு உண்மை. இன்று தோட்டத்தில் வெட்டுபவர்கள் பெரும்பாலும் பங்களாதேஷ், இந்தோனேசியா, நேபாளத்திலிருந்து வந்தவர்கள். நம்மவர்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே தமிழும் மலாயும் தவிர, வலிக்கிறதா, எப்போதிலிருந்து, மருந்து விட்டீர்களா என்று கேட்க வங்காளத்திலும் நேபாளியிலும் நாலு வார்த்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ரெட்டினோஸ்கோப்: கண்ணாடி அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இளம் மருத்துவர்கள் இதை ஆப்டோமெட்ரிஸ்ட்டின் (பார்வை அளந்து கண்ணாடி தருபவர்) வேலை என்று தள்ளிவிடுகிறார்கள். தேர்வில் விழுவதும் இதில்தான். 67 சென்டிமீட்டர் தூரத்தில் உட்கார்ந்து, ரெட்டினோஸ்கோப் கண்ணுக்குள் பாய்ச்சும் ஒளிக்கோட்டை நகர்த்திப் பாருங்கள். கண்மணியில் தெரியும் வெளிச்சம் அதே திசையில் நகர்ந்தால் பிளஸ் லென்ஸைக் கூட்டுங்கள். எதிர்த்திசையில் போனால் மைனஸ். அசைவு நின்று கண்மணி முழுதும் ஒளிரும்போது, அந்த எண்ணிலிருந்து 1.50 கழியுங்கள். 50 சென்டிமீட்டரில் உட்கார்ந்தால் 2.00 கழிக்க வேண்டும். முதலில் உங்கள் வீட்டு மனிதர்களின் கண்களை அளந்து பாருங்கள். அம்மா, தம்பி, பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளைகள். அவர்கள் ஏற்கெனவே போட்டிருக்கும் கண்ணாடியோடு உங்கள் அளவை ஒப்பிடுங்கள். ஒரு மாதத்தில் கை வந்துவிடும். இதை மருத்துவமனை ஆப்டோமெட்ரிஸ்ட்டிடமே கற்றுக்கொள்வதுதான் மிகச் சிறந்த வழி. அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், மதித்துக் கேட்டால் மனதாரச் சொல்லிக் கொடுப்பார்கள்.

மாஸ்டரா, வெளிநாட்டுத் தேர்வா

நிபுணராக இரண்டு பாதைகள். முதலாவது உள்நாட்டு மாஸ்டர் படிப்பு, நான்கு வருடம். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், குபாங் கெரியானில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவை இதை நடத்துகின்றன. நுழைவதற்கு முன் மெட்எக்ஸ் எனப்படும் நுழைவுத் தேர்வு உண்டு. சுகாதார அமைச்சின் உபகாரச் சம்பளம் கிடைத்தால் சம்பளத்தோடு படிக்கலாம், பிறகு அரசாங்கத்தில் ஒப்பந்தக் காலம் வேலை செய்ய வேண்டும். போட்டி கடுமைதான். நேர்காணலில் "ஏன் கண்?" என்று கேட்கும்போது, உங்கள் சொந்த ஊரின் நோயாளியைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். அதனால்தான் மேலே அவ்வளவு எழுதினேன்.

இரண்டாவது, இணைவழி. வேலையில் இருந்துகொண்டே பிரிட்டிஷ் ராயல் கல்லூரிகளின் தேர்வுகளை எழுதி, இங்கேயே மேற்பார்வையில் பயிற்சி பெறுவது. லண்டனில் உள்ள ராயல் கண் மருத்துவர் கல்லூரியின் தேர்வில் முதல் பகுதி, கண்ணாடி அளவுச் சான்றிதழ், இரண்டாம் பகுதி என மூன்று கட்டங்கள் உண்டு. எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் உள்ள கல்லூரிகளும் கண் மருத்துவத் தேர்வுகளை நடத்துகின்றன. இணைவழிப் பட்டங்களை ஏற்பதில் கொஞ்ச காலம் பெரிய குழப்பம் இருந்தது. 2024 ஜூலையில் மக்களவை 1971-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தில் திருத்தம் நிறைவேற்றி, இதற்குச் சட்டப்படி வழி செய்தது. ஆனாலும் பணம் கட்டும் முன் நீங்கள் எழுதப்போகும் தேர்வு தேசிய நிபுணர் பதிவேட்டின் ஏற்புப் பட்டியலில் இருக்கிறதா, அமைச்சின் இணைவழித் திட்டத்தில் உங்கள் பெயர் முறையாகச் சேர்ந்திருக்கிறதா என்ற இரண்டையும் எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். பவுண்டில் கட்டும் பணம், தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்குச் சின்னத் தொகை இல்லை.

எதைத் தேர்வு செய்வது? என் கருத்து: இடம் கிடைத்தால் மாஸ்டர். நான்கு வருடமும் யாராவது உங்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அறுவை எண்ணிக்கைக்கும் உறுதி இருக்கும். இணைவழியில் படிப்பும் தேர்வும் உங்கள் கையில், ஆனால் கத்தி பிடிக்கும் வாய்ப்பு நீங்கள் இருக்கும் மருத்துவமனையைப் பொறுத்தது. ஆனால் மாஸ்டர் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் பகுதித் தேர்வுக்கான உடற்கூறு, உடலியங்கியல், ஒளியியல் பாடங்கள் இரண்டு பாதைக்கும் பொதுவானவை. எம்.ஓ.வாகச் சேர்ந்த முதல் வருடத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

எதைப் படிப்பது, எங்கே பார்ப்பது

பாடநூல்களில் கான்ஸ்கி என்று எல்லோரும் அழைக்கும் மருத்துவக் கண்ணியல் நூல், படங்களுக்காக. அமெரிக்கக் கண் மருத்துவக் கழகத்தின் 13 தொகுதி அடிப்படைப் பாட வரிசை, ஆழத்துக்காக. 13-ஐயும் வாங்க வேண்டாம். துறை நூலகத்தில் இருக்கும், ஒளியியலும் அடிப்படை அறிவியலும் முதலில் படியுங்கள்.

இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பட்டியல் நீண்டால் ஒன்றையும் திறக்க மாட்டீர்கள். முதலாவது சைபர்சைட். பறக்கும் கண் மருத்துவமனையை 1982-லிருந்து நடத்தும் ஆர்பிஸ் அமைப்பினுடையது. இலவசப் பாடங்கள், சான்றிதழ், நேரடி அறுவை விளக்கங்கள் இருக்கின்றன. சிக்கலான நோயாளியின் விவரத்தைப் பெயர் நீக்கி அனுப்பி, வெளிநாட்டு வல்லுநரிடம் கருத்துக் கேட்கவும் வசதி உண்டு. சின்ன ஊர் மருத்துவருக்கு இதைவிடப் பெரிய உதவி எனக்குத் தெரிந்து இல்லை. நோயாளியின் சம்மதத்தையும் துறைத் தலைவரின் அனுமதியையும் முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஐவிக்கி. கண் மருத்துவர்களே எழுதித் திருத்தும் கலைக்களஞ்சியம். இரவு அழைப்பில் அவசரமாகப் பார்க்க இதுதான். மூன்றாவது, லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியிலிருந்து 1988 முதல் வரும் சமூகக் கண் சுகாதார இதழ். கண்புரை நோயாளி ஏன் வருவதில்லை, குறைந்த செலவில் கருவிகளை எப்படிப் பராமரிப்பது என்று எளிய ஆங்கிலத்தில் எழுதுவார்கள். நம் ஊருக்கு நேராகப் பொருந்தும்.

சர்வதேசக் கண் மருத்துவ மன்றத்தின் தேர்வுகளும் உண்டு, உலகெங்கும் ஒரே தாள். நம்மை நாமே அளந்து பார்க்க நல்லது. அதே மன்றம் வளரும் நாட்டு இளம் நிபுணர்களுக்கு மூன்று மாத வெளிநாட்டுப் பயிற்சி உதவியும் தருகிறது. நிபுணரான பிறகு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம்

கண்புரை அறுவையில் இரண்டு கையோடு இரண்டு காலும் வேலை செய்யும். ஒரு கால் நுண்ணோக்கியின் மிதியில், மற்றொன்று கண்புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேகோ இயந்திரத்தின் மிதியில். ஃபேகோ மிதியை முதல் நிலைக்கு அழுத்தினால் நீர் ஓடும், இரண்டாம் நிலையில் உறிஞ்சும், மூன்றாம் நிலையில் அல்ட்ராசவுண்ட் வேலை செய்யும். அந்த மூன்று நிலைகளும் பாதத்துக்கு உணர்வாகவே தெரிய வேண்டும். அறுவை அறை காலியாக இருக்கும் மாலை வேளையில், அனுமதி கேட்டு, வெறும் காலுறையோடு மிதித்துப் பழகுங்கள். தையலுக்கு, காலாவதியான 10-0 நைலான் நூலைத் தாதியர் எடுத்து வைத்திருப்பார்கள். கையுறை ரப்பரை நுரைப் பலகையில் இழுத்துக் குத்தி, மூன்று சுற்று, ஒரு சுற்று, ஒரு சுற்று என்று முடிச்சுப் போட்டுப் பழகுங்கள். முடிச்சை இறுக்கும்போது ரப்பர் சுருங்கக் கூடாது. கருவிழியும் அப்படித்தான், சுருங்கினால் பார்வை கோணலாகும்.

ஆட்டுக் கண்ணுக்குத் தீபாவளி வாரத்தில் பஞ்சமே இல்லை. இறைச்சிக் கடை பாயிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார். அன்றே பயன்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் கருவிழி மங்கிவிடும். லென்ஸின் முன்சவ்வை ஐந்து, ஐந்தரை மில்லிமீட்டர் வட்டமாகக் கிழித்து எடுப்பதுதான் புதியவர்களுக்குக் கடினம். இளம் ஆட்டின் சவ்வு எளிதில் இழுபடும், கிழிசல் ஓரத்துக்கு ஓடப் பார்க்கும். அதைக் கட்டுப்படுத்தப் பழகியவருக்கு, பெரியவரின் கண் அடங்கும்.

ஒவ்வொரு அறுவையையும் பதிவேட்டில் எழுதுங்கள், நீங்கள் செய்த கட்டத்தை மட்டும், உண்மையாக. நம் நாட்டில் கண்புரை அறுவைப் பதிவகம் 2002-லிருந்து இயங்குகிறது. பின்சவ்வு கிழிந்ததா, மூன்று மாதத்துக்குள் பார்வை எவ்வளவு வந்தது என்று எல்லாம் அதில் பதிவாகிறது. அதன் ஆண்டறிக்கைகளை எடுத்து, உங்கள் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு சிறு ஆய்வு

நேர்காணலுக்காக மட்டும் ஆய்வு செய்யாதீர்கள். உங்கள் கிளினிக்கில் முதல்முறை வரும் நீரிழிவு நோயாளிகளில் எத்தனை பேர் ஏற்கெனவே பார்வை இழந்த நிலையில் வருகிறார்கள், நோய் தெரிந்து எத்தனை வருடம் கழித்து வந்தார்கள் என்று எண்ணினாலே நல்ல ஆய்வு. நல்ல மருத்துவ ஆய்வு நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்தபிறகுதான் கோப்பைத் திறக்க வேண்டும். முடிவை மலேசியக் கண் மருத்துவச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் சுவரொட்டியாக வைக்கலாம்.

தமிழ்நாட்டுப் பயிற்சி

நிபுணரான பிறகு அல்லது மாஸ்டரின் விருப்பக் காலத்தில், தமிழ்நாடு நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த், சின்ன வெட்டில் கையால் செய்யும் கண்புரை அறுவைக்கு உலகுக்கே பயிற்சி தருகிறது. ஃபேகோ இயந்திரம் இல்லாத இடத்தில், அல்லது கல்லாய் இறுகிப்போன கண்புரையில், இந்த முறைதான் கைகொடுக்கும். 1978-இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கிய சென்னை சங்கர நேத்ராலயா, விழித்திரைப் பிரிவுக்குப் பேர் போனது. அங்கே நோயாளியுடன் நேராகத் தமிழில் பேசலாம் என்பது மற்ற வெளிநாட்டு மருத்துவருக்கு இல்லாத வசதி. கையால் செய்யும் பயிற்சிக்கு இந்திய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி தேவை. காகித வேலைக்குப் பல மாதம் ஆகும் என்று கணக்கிட்டுத் தொடங்குங்கள்.

மருத்துவராகாதவர்களுக்கும் இடம் உண்டு

இதைச் சொல்லாமல் விட்டால் வழிகாட்டி முழுமையாகாது. மருத்துவ இடம் கிடைக்காத பிள்ளைகள் ஆப்டோமெட்ரி பட்டம் படிக்கலாம். 1991-ஆம் ஆண்டு கண்ணாடித் தொழில் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற தொழில் அது. தாதியரும் எம்.ஏ.க்களும் கண் பிரிவில் மேற்பயிற்சி எடுக்கலாம். எங்கள் கிளினிக் ஓடுவது இவர்களால்தான்.

நிபுணரான பிறகு

மாஸ்டர் முடித்ததும் மேற்பார்வையில் பணியாற்றும் காலம் ஒன்று உண்டு. அது முடிந்து தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். 2017 ஜூலை 1 முதல் இது சட்டப்படி கட்டாயம், பதிவில்லாமல் நிபுணர் என்று போட்டுக்கொள்ள முடியாது. கருவிழி, கண் அழுத்தம், விழித்திரை, குழந்தைக் கண் என்று உட்பிரிவில் மேலும் பயிற்சி பெறலாம். பேராக்கின் சின்ன ஊர்களை மனதில் வைத்துக் கேட்டால், விழித்திரையையும் கருவிழியையும் முதலில் சொல்வேன். இனிப்புநீருக்கு ஒன்று, முள் பட்ட கண்ணுக்கு மற்றொன்று. தனியார் கிளினிக் திறப்பவர்கள் 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்ய வேண்டும். அங்கேயே அறுவை செய்வதென்றால் பகல்நேர அறுவை மையத்துக்குத் தனி உரிமம் வேண்டும்.

பயிற்சி உரிமம் வருடாவருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குத் தொடர்கல்விப் புள்ளிகள் 20-ம், தொழில் காப்பீடும் தேவை. புள்ளிகளைக் கடைசி நேரத்தில் தேடி ஓடாதீர்கள். மாதம் ஒரு வெபினாரோ, சங்கத்தின் வாரக்கடைசிக் கூட்டமோ போதும். ஆசிய பசிபிக் கண் மருத்துவ மாநாடு 2023-இல் கோலாலம்பூரிலேயே நடந்தது. அப்படிப் பக்கத்தில் வரும் வாய்ப்பை விடாதீர்கள். அடுத்த வருட உரிமத்துக்கான விண்ணப்பத்தை டிசம்பர் 1-க்குள் அனுப்பிவிடுங்கள்.